சனி ஞாயிறு கழனி வாசம்

பொங்கலுக்கு முந்திய நாட்களில் தாம்பரம் ரயில் நிலையத்தையும், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் பார்த்தவர்கள், தென்சென்னைப் புறநகர்களில் வாழும் ஜனங்களில் எத்தனை பேருக்கு இன்னும் சொந்த ஊர் என்று ஒன்று மிச்சமிருக்கிறது என்பதைப் பிரத்தியட்சமாக அறிவார்கள். பெட்டியும் மூட்டையும் குழந்தைகளுமாகத் தெற்கே புறப்படுகிற அந்தப் பெருங்கூட்டத்தைக் காட்டிலும் என் மனத்தை அதிகமாகத் தொடுகிறவர்கள், அந்த நாட்களில் எங்கும் போகாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிற குடும்பத்தார்தாம். பாட்டனார் காலத்தில் நிலத்தை விற்றுப் பட்டணம் வந்து, தகப்பனார் காலத்தில் சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ மனை வாங்கி வீடு கட்டி, இப்போது மூன்றாம் தலைமுறையில் 'உனக்கு எந்த ஊர்?' என்று கேட்டால் தாம்பரம் என்று மட்டுமே சொல்லத் தெரிந்த குழந்தைகளை வளர்த்துவருகிற அவர்களுக்கு, மாடு கட்டிய வாசலும் நெல் காயும் களமும் பிறர் சொல்லிக் கேட்கும் விருத்தாந்தங்களாகிவிட்டன.

இத்தகைய குடும்பங்கள் சனி ஞாயிறுகளில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும், முட்டுக்காட்டுப் படகுத் துறைக்கும், மாமல்லபுரத்துக்கும் போய்வந்து அலுத்தபின், ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாமல் பயிர்செய்கிற பண்ணை ஒன்றைத் தேடிச் சென்று, அங்கே ஓர் இரவு தங்கி, கழனியில் கால் நனைத்துத் திரும்புவது ஒரு நல்ல வழக்கமாக வேரூன்றத் தொடங்கியிருக்கிறது. இதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில், பண்ணை என்ற பெயரை வாசலில் எழுதிவைத்துவிட்டு உள்ளே நீச்சல் குளமும் விளக்கு வரிசையும் அமைத்திருக்கும் விடுதிக்கும், பயிர்த்தொழிலே ஜீவனமாக உள்ள ஒரு குடும்பத்தின் கழனிக்கும் உள்ள வித்தியாசத்தைப் போகிறவர்கள் முன்னதாகவே தெரிந்துகொண்டு போவது நலம். முன்னதில் எல்லாம் விருந்தினருக்காக நடக்கின்றன. பின்னதில் பால் கறப்பதும், மடை திறப்பதும், களை எடுப்பதும் விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தந்த வேளையில் நடந்தே தீர வேண்டியவை. வந்தவர்கள் அந்த வேலைகளுக்கு இடையே ஓரமாக ஓர் இடம் பெற்று, தம்மால் இயன்ற அளவு கைகொடுத்து, அங்கு உள்ளதையே உண்டு, அங்கு உறங்கும் நேரத்தில் உறங்கி எழுகிறார்கள். வேலை நிற்காத பண்ணைக்குப் போவதில்தான் விசேஷம் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த எண்ணம் உலகத்தில் பரவிய வரலாறு சுவையானது. லண்டன் மாநகரில் ஓர் அலுவலகத்தில் காரியதரிசியாக உத்தியோகம் பார்த்துவந்த சூ கோப்பார்ட் என்ற பெண்மணி, நாட்டுப்புறத்தில் போய்த் தங்க ஆசை இருந்தும் அங்கே உறவினரோ நிலமோ இல்லாத தம்மைப் போன்றவர்கள் பலர் இருப்பார்கள் என்று எண்ணி, 1971-ஆம் ஆண்டில் சசெக்ஸ் பகுதியிலுள்ள எமர்சன் கல்லூரியின் பண்ணையாரிடம் பேசி, சனி ஞாயிறில் வந்து வேலை செய்கிறோம், உணவும் தங்க இடமும் கொடுத்தால் போதும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். முதல் முறை போனவர்கள் நான்கே பேர். 'இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்யும் வார இறுதிகள்' என்று பொருள்படும் பெயரோடு தொடங்கிய அந்தச் சிறு முயற்சி, இன்று 'வூஃப்' என்ற சுருக்கப் பெயரில் நூறு நாடுகளுக்கு மேல் கிளை பரப்பியிருக்கிறது. நிலமற்ற நகரவாசிகள் சிலருடைய ஏக்கமே அதற்கு வித்து என்பதைத் தாம்பரத்து வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இத்தாலி தேசத்தில் இதற்கென்று 1985-இலேயே ஒரு சட்டம் செய்தார்கள். விவசாயி தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்துப் பொருள் ஈட்டலாம். ஆனால் பயிர்த்தொழிலே அவனுக்குப் பிரதானமாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாகவே நிற்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். நம் தேசத்தில் மகாராஷ்டிர மாநிலம் பாராமதிப் பகுதியில் பாண்டுரங் தாவரே என்பவர் இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில் தொடங்கிய முயற்சி விவசாயிகள் பலரை இவ்வழியில் ஈடுபடுத்தியது. 2020-இல் அந்த மாநில அரசாங்கமே இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. சட்டங்களையும் கொள்கைகளையும் விட அந்த இத்தாலிய நியதி ஒன்றே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கழனி நின்றுபோய் விருந்து மட்டும் நடக்குமானால், சில வருஷங்களில் அங்கே பார்க்கவும் ஒன்றும் இராது.

தமிழ்நாட்டில் இந்த உணர்ச்சிக்கு உருக்கொடுத்தவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை கற்று, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஏழை மானாவாரி விவசாயிக்குத் தம் ஆராய்ச்சியினால் பிரயோஜனம் இல்லை என்று கண்டு அதைத் துறந்து வெளியேறிய அவர், பச்சைத் துண்டும் வெண்தாடியுமாக ஊர் ஊராக நடந்து பேசியதன் பலனை இன்று நாம் கடைத்தெருவிலும் காண்கிறோம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உப்பேறிப்போன நாகை மாவட்டத்து நிலங்களைப் பசுந்தாள் உரப் பயிர்களைக் கொண்டு மீட்பதற்கு அவர் வழிகாட்டிய செயல் பலரும் அறிந்தது. கரூர் மாவட்டம் கடவூர் மலைகளின் நடுவே சுருமான்பட்டியில் வறண்டு கிடந்த நிலத்தை எடுத்து, 2009-இல் 'வானகம்' என்ற பெயரில் ஒரு கல்விப் பண்ணையை நிறுவினார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் அவர் காலமானபோது, அவருடைய பூத உடலை வானகத்து மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். விதைத்தோம் என்றே அவருடைய அன்பர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்த வானகத்துக்குப் போகிறவர்களில் நிலமுள்ளவர்களோடு நிலமில்லாத நகரத்துக் குடும்பத்தாரும் உண்டு. தாம்பரத்தில் இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கடவூர்ப் பக்கம் போய்விடலாம். மூன்று நாள் பயிற்சிகளில் மூடாக்கு இடுவதையும், மழைநீரை நிலத்திலேயே நிறுத்த வரப்பும் குழியும் வெட்டுவதையும், எரு தயாரிப்பதையும் கையால் செய்து கற்றுக்கொள்கிறார்கள். சுற்றிலும் நிற்கும் அந்த மலைக்காடுகளில் வாழும் தேவாங்குகளுக்காக, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பதினோராயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பை 2022-இல் அரசாங்கம் சரணாலயமாக அறிவித்தது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதையும் சொல்லி அழைத்துப் போகலாம்.

ஆயினும், வருஷத்தில் ஒரு முறை கடவூர் போக முடிந்தவர்களும் மாதம் ஒரு முறை போக விரும்பினால் அண்டையிலேயே இடம் தேட வேண்டும். அந்த அண்டை தேசம் சாமானியமானது அன்று. ஏரிகளால் ஆன நாடு அது. மணிமங்கலம், படப்பை, சோமங்கலம் என்று மேற்கிலும், திருப்போரூர் என்று கிழக்கிலும், மதுராந்தகம், உத்திரமேரூர் என்று தெற்கிலும் விரியும் பழைய செங்கற்பட்டுச் சீமையில், ஓர் ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்கு நீராக, அந்த ஏரியின் மதகு திறந்து கழனிக்கு உயிராக, மலை இல்லாத, வற்றாத நதி இல்லாத ஒரு சமவெளியை நம் முன்னோர் நெல் விளையும் பூமியாக்கி வைத்திருந்தார்கள். 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பிரதேசத்தை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தது. பிற்காலத்தில் காந்தியவாதியான தரம்பால் என்ற அறிஞர் அக்கணக்குகளை ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து காட்டியபோதுதான், களத்து மேட்டில் நெல்லைப் பங்கிடுவதற்கு முன்பே கோயிலுக்கும், கணக்கருக்கும், தச்சனுக்கும், கொல்லனுக்கும், வண்ணானுக்கும், வெட்டியானுக்கும், ஏரி பராமரிப்புக்கும் இவ்வளவு இவ்வளவு என்று ஒதுக்கிவைத்த ஒரு கிராம தர்மம் உலகத்துக்குத் தெரியவந்தது. விளைச்சலில் முதற் பங்கு ஊருக்கும் ஏரிக்கும் என்ற அந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இன்று பண்ணைக்குப் போகிற குடும்பம் அங்கே எதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதும் புலப்படும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

தாம்பரமே ஒரு காலத்தில் பட்டணத்தார் காற்று மாற்றத்துக்குத் தேடிவந்த இடம் என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். டாக்டர் சௌரி முத்து 1928-இல் இங்கே க்ஷயரோகிகளுக்காகச் சானடோரியம் அமைத்தது, திறந்த வெளியும் சுத்தமான காற்றும் மருந்துக்கு மேலான மருந்து என்ற நம்பிக்கையினால்தான். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. அந்தக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கும் மரச்செறிவைத் தவிர, சுற்றுப்புறத்தில் பழைய தாம்பரத்தின் அடையாளத்தைக் காண்பது அரிது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. சிட்லப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை என்ற அந்த ஊர்ப்பெயர்கள் எல்லாம் ஒவ்வோர் ஏரிக்கும் உரிய பெயர்களும் ஆகும். ஏரி நிற்க, அதன் ஆயக்கட்டு மனைகளாகப் பிரிந்து போயிற்று. 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, வெள்ளம் வழிதவறி வந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். கழனியும் தாங்கலுமாக இருந்து காலங்காலமாக நீரை வாங்கிக்கொண்ட தாழ்ந்த பூமியில்தான் அது வந்து நின்றது.

ஆகவே, இந்தப் புறநகரைச் சேர்ந்த ஒரு குடும்பம் செங்கற்பட்டு வட்டாரத்தில் இன்னும் கழனியாகவே இருக்கிற ஓர் இடத்துக்குப் போய்த் தங்குவதை வெறும் உல்லாசப் பிரயாணமாக நான் கருதவில்லை. தாங்கள் குடியிருக்கும் மண் முன்பு எப்படி இருந்தது என்பதை அவர்கள் அங்கேதான் கண்டறிய முடியும்.

போவதற்கு எந்தப் பருவம் ஏற்றது என்று கேட்பார்கள். இந்த வட்டாரத்து விவசாயிகள் மூன்று பட்டங்களைச் சொல்வார்கள்: சித்திரை வைகாசியில் தொடங்கி ஆடி ஆவணியில் அறுவடையாகும் சொர்ணவாரி, ஆடி ஆவணியில் விதைத்துத் தை மாதத்தில் களம் சேரும் சம்பா, மார்கழி தையில் நட்டுப் பங்குனி சித்திரையில் கரையேறும் நவரை. நாற்று நடவைப் பார்க்க விரும்புகிறவர்கள் புரட்டாசியிலும், கதிர் சாய்ந்த கழனியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மார்கழி இறுதியிலும் போகலாம். தை மாதத்தில் பனங்கிழங்கும் சித்திரையில் நுங்கும் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் வழி சேறாகும், பூச்சிக்கடியும் அதிகம். எனினும் ஏரி நிறைவதைக் கண்ணால் காண வேண்டுமானால் அந்த மாதங்களைத் தவிர வேறு காலம் இல்லை. எனக்கு அதுவே பிரியமான காலம்.

சனிக்கிழமை காலை போய்ச் சேருகிறவர்களுக்கு முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் மாட்டுத் தொழுவமே. இயற்கை முறையில் பயிர் செய்கிறவனுக்கு உரக்கிடங்கும் மருந்துக்கடையும் அதுதான். ஜீவாமிர்தம் என்கிற கரைசலை விருந்தினர் கண்முன்னேயே தயாரிக்கிறார்கள்: இருநூறு லிட்டர் தண்ணீரில் பத்துக் கிலோ பசுஞ்சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் வரை கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயற்று மாவு, வரப்போரத்து மண் ஒரு கைப்பிடி, இவற்றைப் பீப்பாயில் இட்டு, காலையும் மாலையும் குச்சியால் கலக்கி, நிழலில் இரண்டு நாள் வைத்தால், ஓர் ஏக்கருக்குப் பாசன நீரோடு விட அது போதும். மகாராஷ்டிரத்து சுபாஷ் பாலேக்கர் இதைப் பரப்பினார். நம் கொடுமுடியிலிருந்து டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தில் பால், தயிர், நெய், வாழைப்பழம், இளநீர் ஆகியவையும் சேரும். அதை நூறு லிட்டர் நீருக்கு மூன்று லிட்டர் வீதம் கலந்து இலைமேல் தெளிக்கிறார்கள். வெல்லத்தையும் மாவையும் உண்டு பெருகுகிற நுண்ணுயிர்கள் மண்ணுக்குள் போய் அங்குள்ள சத்துகளைப் பயிருக்கு எட்டும்படி செய்கின்றன என்று பண்ணைக்காரர் விளக்குகையில், சாண வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகள் மெதுவாகப் பீப்பாய் அருகே வந்து குச்சியைக் கேட்டு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

தொழுவத்தை விட அபூர்வமான காட்சி ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் பாக்கியம் வேண்டும். இந்தச் செங்கற்பட்டுச் சீமைக்கே உரிய சென்னைச் சிவப்பு என்ற செம்மறியினத்து மந்தையை ஓட்டிக்கொண்டு வரும் இடையர்கள், அறுவடை முடிந்த கழனியில் இரவில் கிடை போடுகிறார்கள். விடியும் வரை அத்தனை ஆடுகளும் ஒரே இடத்தில் படுத்துக் கழிக்கும் புழுக்கையும் சிறுநீருமே அந்த நிலத்துக்கு உரம். மறுநாள் பட்டியை அடுத்த பாத்திக்கு மாற்றுவார்கள். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது பழமொழி; அதாவது, ஆட்டெருவின் பலன் உடனே தெரியும், மாட்டெரு ஒரு வருஷம் மண்ணில் மக்கியபின் கைகொடுக்கும். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பேணிவருகிறார்கள். வண்டலூர் தாண்டிப் பொத்தேரி வழியாகத் தினமும் ரயிலில் போகிறவர்களுக்கு அது கூப்பிடு தூரம்தான்.

களை எடுப்பதைப் பற்றி நான் சற்று அதிகமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். மருந்தடித்துக் களையைக் கொல்லாத நிலத்தில், பண்ணையின் உழைப்பில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடுகிறது. விருந்தினர் செய்யக்கூடிய மிக உபயோகமான காரியமும் அதுவே. கேழ்வரகுக் கொல்லையிலோ மல்லாட்டைக் கொல்லையிலோ பெண்கள் வரிசையாகக் குந்தி, களைக்கொத்தால் கோரையையும் அறுகையும் கிழங்கோடு தோண்டிப் போட்டுக்கொண்டே நகர்கிறார்கள். ஒரு பண்ணையில் நான் கண்ட மூதாட்டி, பிடுங்கியவற்றில் சிலவற்றை மட்டும் வரப்பில் எறியாமல் மடியில் கட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த, குரோம்பேட்டையிலிருந்து வந்த இளம் தாய், "எதுக்கும்மா அதை மட்டும் வெச்சுக்கிறீங்க?" என்று கேட்டார். "இது பண்ணைக் கீரை, கண்ணு, இது மூக்கிரட்டை. ராத்திரிக்குக் கடைஞ்சா ஒரு உருண்டை களி கூடவே எறங்கும்" என்று சொல்லி, இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்து, எது உண்ணத் தக்கது, எது மாட்டுக்கு, எது மூடாக்குக்கு என்று வகைப்படுத்திக் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தாய் கற்றது எந்தப் பாடசாலையிலும் போதிக்கப்படுவதில்லை. அந்த மூதாட்டிக்கு ஆசிரியர் என்று பட்டமோ சம்பளமோ இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு, விருந்தினரிடம் வாங்கும் தொகையிலிருந்து தனியாக ஒரு கூலி கொடுப்பது பண்ணைக்காரர்களின் கடமை என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

பயிரைத் தின்னும் பூச்சியையும், அதைத் தின்னும் பூச்சியையும் குழந்தைகளுக்குக் காட்டுவது இன்னொரு நல்ல பாடம். தட்டைப்பயற்றுக் கொடியில் அசுவினி மொய்த்திருக்கும்போது அருகிலேயே பொறிவண்டு வந்து அதை மேய்கிறது. மருந்து தெளித்தால் இரண்டும் செத்து, அசுவினி மட்டும் முந்தித் திரும்பிவரும். ஆகையால் கொல்வதைத் தவிர்த்து, வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு முதலிய இலைகளைக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளித்துப் பூச்சியை விரட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆடு உண்ணாத இலையும், ஒடித்தால் பால் வடியும் இலையும், கசக்கும் இலையும் பார்த்துப் பறித்து வா என்று பிள்ளைகளை அனுப்பினால் போதும். அரை மணி நேரத்தில் அவர்கள் வேலியோரத்துச் செடிகள் அத்தனையையும் தெரிந்துகொண்டு திரும்புவார்கள்.

ஆகாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடியற்காலையில் முதல்நாள் காய்ச்சிய கேழ்வரகுக் கூழைக் கரைத்துச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கொடுப்பார்கள். மத்தியானம் கை குத்தலாகவோ, அதிகம் தீட்டாமலோ அரைத்த பாரம்பரிய அரிசிச் சோறு. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா என்று பெயர் சொல்லிப் பரிமாறும்போது, அரிசி என்றால் ஒரே பொருள் என்று எண்ணியிருந்த நகரத்துப் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, விதையைக் கொடுத்து அடுத்த ஆண்டு இருமடங்காகத் திருப்பிப் பெற்று, நூற்றறுபதுக்கு மேற்பட்ட ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். சென்னையில் 1995-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பாரம்பரிய அறிவியல் மையம், செங்கற்பட்டுக்கு அருகே சுக்கான்கொல்லையில் இதே சிரத்தையோடு பழைய நெல் ரகங்களைப் பயிரிட்டுக் காத்துவருகிறது. காட்டுயானம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளம் புகுந்த கழனியிலும் தலைநிமிர்ந்து நிற்கக்கூடியது. ஏரி உடைந்து நீர் பாயும் தாழ்நிலங்கள் நிறைந்த ஒரு பிரதேசத்தில் அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

முதியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். தங்கும் இடத்தில் கட்டில், கழிப்பறை முதலிய சௌகரியங்களை விசாரித்துக்கொண்டு, பாட்டனார் பாட்டியாரையும் அழைத்துச் செல்லுங்கள். நகரத்து வீட்டில் கைபேசியை இயக்கத் தெரியாமல் பேரப்பிள்ளைகளிடம் உதவி கேட்டுக்கொண்டிருந்த முதியவர், கழனியில் இறங்கியதும் நாற்று முடியை எப்படிப் பிரிப்பது, ஏற்றம் எப்படி இறைத்தார்கள், பிரிமணை எப்படி முறுக்குவது என்று சொல்லிக்கொடுக்கும் ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறார். மேட்டுப்பாளையத்துக்கு அருகே தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் கழனி வேலையைக் கைவிடாமல் இயற்கை விவசாயம் செய்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற பாப்பம்மாளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, தம் சொந்தப் பாட்டியை ஒரு முறையும் வரப்பில் நடக்கவிடாமல் இருப்பது நியாயமாகாது.

கிணற்று மேட்டில் குழந்தைகளைத் தனியே விடலாகாது, இரவில் விளக்கில்லாமல் வரப்பில் நடக்கலாகாது, ஒலிபெருக்கியும் பிளாஸ்டிக் தட்டும் கொண்டுபோகலாகாது என்பவற்றை அதிகம் விவரிக்க வேண்டியதில்லை.

இனி, முன்னர் நிறுத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன். ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறுகிற விவசாயி, ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு வருஷமும் மரப்பயிர்களுக்கு மூன்று வருஷமும் மாறுதல் காலமாகக் கழித்தபின்னரே சான்று பெறத் தகுதியுடையவன் ஆகிறான். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையலாம். விலையோ சாதாரண விலையே. அரசாங்கத்தின் அங்ககச் சான்றளிப்புத் துறையும், அண்டை விவசாயிகள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதி கூறும் பங்கேற்பு உத்தரவாத முறையும் உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், மனை வியாபாரி வந்து ஒரு காணிக்கு இவ்வளவு தருகிறேன் என்று களத்து மேட்டில் நின்று கேட்கிறபோது, விவசாயியின் கையைப் பிடித்து நிறுத்தக்கூடியது எந்தச் சான்றிதழும் அன்று. என் நெல்லை இன்னார் வாங்குவார்கள், அவர்கள் பிள்ளைகள் இந்தக் கழனியில் நடந்தவர்கள் என்கிற நம்பிக்கைக்கு அந்தச் சக்தி ஓரளவேனும் உண்டு. தங்கும் கட்டணத்தில் பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்துக்கொண்டு, வரும்போது ஒரு பை கத்தரிக்காயை இனாமாகக் கேட்டு வாங்கிவருகிற குடும்பம் அந்தப் பண்ணைக்குப் பாரமாகிறது. அந்த ஆண்டு அரிசியை அங்கேயே வாங்குகிற குடும்பமே அதற்கு உறவாகிறது.

ஜப்பான் தேசத்தில், சூ கோப்பார்ட் பண்ணைக்குப் போன அதே 1971-இல் இயற்கை வேளாண்மைச் சங்கம் ஒன்று தோன்றி, நகரத்துக் குடும்பங்களையும் விவசாயிகளையும் நேரடியாக இணைக்கும் 'தெய்கெய்' என்ற முறையை வளர்த்தது. குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியின் விளைச்சலை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. நடவுக்கும் களைக்கும் தாமே போய்க் கைகொடுக்கின்றன. நன்றாக விளைந்ததையும் சுமாராக விளைந்ததையும் சேர்த்தே ஏற்கின்றன. கொட்டிவாக்கத்தில் தொண்டர்கள் கூடி நடத்திய ரீஸ்டோர் போன்ற இயற்கை விளைபொருள் அங்காடிகளின் மூலம் சென்னைக்கும் இந்த எண்ணம் புதிதன்று. ஆயினும் தாம்பரத்துக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. மயிலாப்பூர்க்காரருக்கு அரை நாள் பிரயாணமாகும் கழனி, மாடம்பாக்கத்துக்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தூரத்தில் கிடக்கிறது.

ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்திலோ ஒரு தெருவிலோ உள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, தங்களுக்கு ஓர் ஆண்டில் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ துவரை, எத்தனை லிட்டர் செக்கு எண்ணெய் தேவைப்படும் என்று கணக்கிட்டு, தாங்கள் போய்த் தங்கிவந்த பண்ணைக்காரரிடம் அதைச் சொல்லி, விலையில் ஒரு பகுதியை விதைப்புக்கு முன்பே கொடுத்துவிடலாம். சம்பாப் பட்டத்துக்கு ஆடி மாதம் விதை முளை கட்ட வேண்டும் என்பதால், வைகாசி ஆனியிலேயே அந்தப் பேச்சைத் தொடங்குவது உசிதம். அப்போதுதான் எத்தனை காணியில் காட்டுயானம், எத்தனை காணியில் சீரகச் சம்பா என்று தீர்மானித்து, நாற்றங்காலுக்கு விதை ஒதுக்க அவருக்கு அவகாசம் இருக்கும்.